ஏலம் கேட்கும் முன்: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு பழம்பொருள் ஏல வழிகாட்டி

ஏலம் என்றால் என்னவென்று பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு கரைக்கு வந்ததும் மீன் கூடை இறங்கும். ஏலம் கூறுகிறவர் விலையைக் கூற ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஆன்லைன் பழம்பொருள் ஏலமும் இதே வியாபாரம்தான். செவுளைத் தூக்கிப் பார்க்க மட்டும் வழியில்லை. பொருள் மும்பையிலோ பெங்களூரிலோ அகமதாபாத்திலோ இருக்கும். உங்கள் கையில் இருப்பது நாலு படமும் ஆறு வரி விவரமும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஏலத்துக்கு முந்தின வாரத்தில் இத்தனை தயாரிப்பு.

முதல் முறையாக ஏலம் கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

எதை வாங்குவது?

ஒரு நிறுவனத்தின் ஏலப் பட்டியலைத் திறந்தால் குஷாணர் தங்கக் காசிலிருந்து விக்டோரியா ரூபாய், தபால் தலை, பழைய நோட்டு, பித்தளைச் சாமான், ரவிவர்மா அச்சுப் படம் வரை நூற்றுக்கணக்கான லாட்டுகள், அதாவது எண் போட்டு ஏலத்துக்கு வைத்த பொருள்கள், வரிசையாக நிற்கும். எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். சரி, ஆசைப்பட்டுப் பாருங்கள். ஆனால் முதல் ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் எது சாதாரணம், எது அபூர்வம் என்று பட்டியலைப் புரட்டும்போதே தெரிய ஆரம்பிக்கும். அதுவரை பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். காரணம் எளிது: சோதிக்க அளவு இருக்கிறது. 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, எடை மாறவில்லை. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தில் ஒட்டினால் போலி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புலி போட்ட 1947 ரூபாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நிக்கல் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும்.

இந்த வகையிலேயே இன்னொரு பாடமும் கிடைக்கும்: பழசு வேறு, அபூர்வம் வேறு. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயைப் பார்த்ததும் புதியவர்களுக்குக் கை பரபரக்கும். அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1874 வரை அச்சடித்தார்கள். எனவே அது ஏராளமாகக் கிடைக்கும். ஐம்பது வருடம் பிந்திய 1911 ஜார்ஜ் ரூபாய்க்கோ கூடுதல் விலை. அந்தக் காசில் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். வெளியே வராத காசுகள் உருக்குக்குப் போயின. அதே போல 1939 ரூபாய் குறைவு, விலை அதிகம். அதனால் ஆண்டு எண்ணைச் சுரண்டி மாற்றிய காசுகளும் வரும். ஏலப் படத்தைப் பெரிதாக்கும்போது ராஜாவின் முகத்தை விட்டுவிட்டு, கடைசி எண்ணையும் அதைச் சுற்றியுள்ள பரப்பையும் பாருங்கள். அங்கே மட்டும் உலோகம் வழுவழுப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் அந்த லாட்டைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கண்ணைப் பழக்க நேரில் பார்ப்பதுதான் வழி. ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுகளுக்கு அரை நாள் ஒதுக்கலாம். மரச்சாமான், எனாமல் பாத்திரம், பழைய படம் ஆகியவற்றில் ஆசையிருந்தால் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு பகல் சுற்றுங்கள். வாங்க வேண்டியதில்லை. தூக்கிப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், விலை கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையும் அதே மாதிரிப் பொருள் ஏலத்தில் போன விலையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று வீட்டுக்கு வந்து ஒப்பிட்டால், அதுவே ஒரு படிப்பு.

ஊர்ப் பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நம் கடற்கரைக்காரர்கள் ஏலத்தில் ஏமாறுவது பெரும்பாலும் தெரியாத பொருளில் இல்லை. ராமேஸ்வரம், சேது, தனுஷ்கோடி, கீழக்கரை என்று விவரத்தில் ஒரு வார்த்தை இருந்தால் போதும், நம் பொருள், நமக்குத் தெரியாதா என்று கை தானாக மேலே போகும். விற்பவர்களுக்கும் இது தெரியும்.

ராமர் பட்டாபிஷேகக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஹாஃப் அணா’ என்று ஆங்கில எழுத்து. சிலவற்றில் அனுமன் மட்டும் இருப்பார், சிலவற்றில் ஆண்டு 1616, 1717 என்று இன்னும் பின்னால் போகும். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறாக இருந்த நாணயங்களை மாற்றி, இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயத்தைக் கம்பெனி கொண்டுவந்ததே 1835-ல்தான். இவையெல்லாம் பிற்காலத்தில் பக்தர்களுக்கு விற்பதற்காக அடித்த வில்லைகள். பூஜை அறையில் வைப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ‘அதிசய சக்தி கொண்டது, அரிசியை இழுக்கும்’ என்று லட்சங்களில் விலை சொன்னால், அது நம் மாவட்டங்களில் பல குடும்பங்களைக் கடனாளியாக்கிய ரைஸ் புல்லர் மோசடியின் தம்பி.

அடுத்தது சேது காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் ‘சேது’. பார்த்த மாத்திரத்தில் இது நம் சேதுபதி மன்னர்கள் வெளியிட்டது என்று தோன்றும். ஒரு காலத்தில் சிலர் அப்படி எழுதியும் இருக்கிறார்கள். இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசாகக் கொள்கிறார்கள். சேதுபதிகளின் சிறு செப்புக் காசுகள் வேறு. சேது காசு நல்ல காசுதான், வாங்கத் தகுந்ததுதான். ஆனால் ‘ராமநாதபுரம் சமஸ்தானம், மிக அபூர்வம்’ என்ற தலைப்பின் கீழ் அதைப் பார்த்தால், விவரம் எழுதியவருக்கு விவரம் பத்தவில்லை, அல்லது உங்களுக்குப் பத்தாது என்று நினைக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவருடைய மற்ற லாட்டுகளையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

டச்சு செப்புக் காசுகளும் இப்படித்தான். ஒரு பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயரான வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை, மறுபக்கம் சிங்கமோ கேடயமோ இருக்கும். டச்சுக்காரர்கள் கீழக்கரையில் வணிகம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த டியூட் காசுகள் நெதர்லாந்தில் 18-ஆம் நூற்றாண்டு முழுக்க மலைமலையாக அடிக்கப்பட்டு இலங்கை, தென்னிந்தியா, இந்தோனேசியா என்று எல்லா இடத்திலும் புழங்கியவை. கீழக்கரையில் கிடைத்தது என்பதால் விலை கூடாது. நல்ல நிலையில் உள்ள ஒன்றை மலிவாக வாங்கி ஆல்பத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

‘கடலில் மூழ்கிய கப்பலில் எடுத்தது’ என்று வரும் செப்புக் காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் மூழ்கியது. மூழ்கிய இடம் நம் பாக் நீரிணை இல்லை, இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அருகே உள்ள குட்வின் மணல் திட்டு. 1980-களில் அதிலிருந்து ஏராளமான காசுகளை மேலே எடுத்தார்கள். அதனால் 1808 என்று போட்ட, தேயாத, கடல் அரித்த 10 காசுகள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. ‘மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவர் எடுத்தது’ என்று கதை சேர்த்தால் அந்தக் கதைக்கு மட்டும் தனி விலை வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

தனுஷ்கோடி ரயில் டிக்கெட்

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பது இதைத்தான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் கதை முடிந்தது. அந்த ஊர்ப் பெயர் அச்சிட்ட பழைய அட்டை டிக்கெட்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. மதிப்பு உள்ள இடத்தில் போலியும் வரும். சின்ன அட்டைதானே, அச்சடிக்கப் பெரிய கஷ்டமில்லை.

டிக்கெட்டைக் கையில் எடுக்காமலே மூன்று கேள்விகள் கேட்கலாம். முதலாவது, எந்த ரயில்வே? தென்னிந்திய ரயில்வே மற்ற இரண்டு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14-ல். எனவே ‘சதர்ன் ரயில்வே’ என்று அச்சிட்ட டிக்கெட்டில் 1948 தேதி குத்தியிருந்தால், அந்த லாட்டைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, கட்டணம் எந்தக் கணக்கில்? 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு). அதற்குப் பிறகு நயா பைசா. ‘நயா’ என்ற சொல்லை 1964 ஜூனில் கைவிட்டார்கள். தேதி 1953, கட்டணம் நயா பைசாவில் என்றால் கதை முடிந்தது. தேதி 1958, கட்டணம் அணாவில் என்றால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது. பழைய அச்சு மிச்சம் இருந்திருக்கலாம். விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். மூன்றாவது, தேதிக் குத்து. அது அட்டையில் அழுந்தியிருக்க வேண்டும். மேலாக மை மட்டும் படிந்திருந்தால் யோசிக்க வேண்டும். சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டால் அழுத்தம் தெரிந்துவிடும். 1965 தேதியோடு தனுஷ்கோடி டிக்கெட் வந்தால் வாங்க வேண்டாம், நண்பர்களுக்குக் காட்டிச் சிரிக்கலாம்.

தலைமன்னார் கப்பல் பயணச் சீட்டு, மண்டபம் கேம்ப் முத்திரை குத்திய கடித உறை, இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் ஆவணம் ஆகியவற்றுக்கும் இதே முறைதான்: காகிதம் சொல்லும் தேதியையும் உலகம் அறிந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடித உறையில் அஞ்சல் முத்திரை தபால் தலையையும் உறையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா, கோடு ஓரத்தில் முறியாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். பிற்பாடு ஒட்டிய தபால் தலையில் அந்தக் கோடு பொருந்தாது.

தொடவே கூடாதவை

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமை உள்ளது தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டு போதும். இவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்றவை அரசின் பதிவு அலுவலரிடம் பதிவாகியிருக்க வேண்டும். கைமாறும்போது அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்று உண்டா என்று கேட்டதற்கு ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சாமி சிலைகளை, உலோகமோ கல்லோ, புதியவர்கள் ஏலத்தில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுக்கென்றே 1983 முதல் தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது. எந்தக் கோயில் கருவறையிலிருந்து போனதோ, யாருக்குத் தெரியும்! பணமும் போய், விசாரணைக்கும் அலைய வேண்டியிருக்கும்.

‘அழகன்குளத்தில் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசு’ என்று வரும் லாட்டும் இதே ரகம். அங்கே தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது, ரோமானியக் காசுகள் கிடைத்ததும் உண்மை. ஆனால் புதைந்து கிடைத்த பொருள் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பொருள் போலியாக இருந்தால் பணம் நஷ்டம், உண்மையாக இருந்தால் சட்டச் சிக்கல். இரண்டு பக்கமும் உங்களுக்கு லாபமில்லை.

கடல் சார்ந்த பொருள்களில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பவளப்பாறைத் துண்டு, ஆமை ஓடு, கடல்பசு எலும்பு, ராட்சதச் சிப்பி, யானைத் தந்தப் பிடி போட்ட கத்தி இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். ‘தாத்தா காலத்தது’ என்பதால் விற்கவோ வாங்கவோ விலக்குக் கிடையாது. நாம் பயன்படுத்தும் சாதாரணப் பால் சங்குக்குத் தடையில்லை. ஆனால் சில சங்கு வகைகளுக்கு உண்டு. வகை தெரியாத சங்கை ஏலத்தில் கேட்காதீர்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ‘காக்கா (அண்ணா), ஒரு நல்ல பழைய காசு எடுத்து எனக்கு அனுப்பி விடுங்களேன்’ என்று மச்சானோ தம்பியோ கேட்பதும் நடக்கும். 100 ஆண்டு தாண்டிய காசும் தொல்பொருள்தான். அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் பெட்டியில் போட்டுக் கொண்டு போவதும் குற்றம். தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும். 100 ஆண்டு ஆகாத காசை அனுப்புவதானாலும், விமான நிலையத்தில் வீண் வாக்குவாதம் வேண்டாம் என்றால், அது தொல்பொருள் இல்லை என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்கிவிடுங்கள்.

கணக்குத் தொடங்குவது

மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தின் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்றவை காசு, நோட்டு ஏலங்களுக்குத் தெரிந்த பெயர்கள். ஓவியம், கலைப்பொருள் என்றால் சாஃப்ரன்ஆர்ட் போன்றவை. எதுவானாலும் ஏல நாளில் காலையில் பதிவு செய்து மாலையில் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். பான், முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள்; சிலர் முன்பணமோ வேறொரு சேகரிப்பாளரின் அறிமுகமோ கேட்பார்கள். அனுமதி வர நாளாகலாம். ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

பிறகு விதிமுறைப் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நாலு விஷயம் அங்கே மட்டும்தான் இருக்கும்: வாங்குபவர் தரவேண்டிய கமிஷன் எத்தனை சதவீதம், வரி எதன் மேல், பணம் எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம். நாலாவதுக்குப் பதில் ‘திருப்ப இயலாது’ என்று இருந்தால், உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் போகமாட்டேன்.

ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு ஏலங்கள் வேறு உலகம். நல்ல சேகரிப்பாளர்களும் அங்கே இருக்கிறார்கள், ஆனால் ஏமாற்றினால் தட்டிக் கேட்பதற்கு ஆளில்லை. இன்னொரு கூட்டம் உங்களிடமிருந்து வாங்க வரும்: ‘உங்கள் பழைய 5 ரூபாய்க்கு 5 லட்சம் தருகிறோம், முதலில் வரியைக் கட்டுங்கள்’ என்று. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம், வரி கேட்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை என்பதை வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

விற்பவரிடம் என்ன கேட்பது?

விரும்பிய லாட்டுகளை மூன்று, நாலாகக் குறைத்த பிறகு, ஏலத்துக்கு மூன்று நாளாவது முன்னால் எழுதிக் கேளுங்கள். இந்த மாதிரி எழுதினால் போதும்:

‘வணக்கம். லாட் எண் இது. எடை எத்தனை கிராம், விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியுமா? இயற்கை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், விளிம்பும் படம் அனுப்பினால் நல்லது. காசைக் கழுவியிருக்கிறார்களா, துளையை அடைத்த தடயமோ பற்ற வைத்த தடயமோ இருக்கிறதா? இதற்கு முன் யாருடைய சேகரிப்பில் இருந்தது என்ற விவரம் உண்டா?’

துளையையும் பற்றவைப்பையும் கேட்பதற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. காசு மாலை, தாலிக்கொடி, அரைஞாண் என்று நாம் காசைக் கோத்துப் போட்டவர்கள். பல நல்ல காசுகளில் மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்து, பிறகு அராவி எடுத்திருப்பார்கள். படத்தில் 12 மணி இடத்தில் கொஞ்சம் மங்கலாக, தட்டையாக இருந்தால் அதுதான். அந்தக் காசின் விலை நல்ல காசின் விலையில் பாதிக்கும் கீழே போகலாம். பளபளவென்று மின்னும் நூறு வருடப் பழைய வெள்ளியும் அப்படித்தான். யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு அந்தக் கறுப்பும் பழுப்பும்தான் வேண்டும்.

வார்ப்புப் போலியில் எழுத்து ஓரம் மழுங்கியும், பரப்பில் நுண்ணிய குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடும் தெரியும். விளிம்புப் படம் கேட்பது அதற்காகத்தான். விலை அதிகமான காசு என்றால் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து மூடிய பெட்டியில் உள்ளதை வாங்குங்கள். பெட்டி எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் லாட்டின் படமும் ஒரே காசுதானா என்று பாருங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதில் வராவிட்டால்? அதுவும் ஒரு பதில்தான்.

விலையை முடிவு செய்வது

பட்டியலில் போட்டிருக்கும் மதிப்பீட்டு விலையை நம்பி உட்காராதீர்கள். பெரிய நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே காசு, அதே தரம், கடைசி இரண்டு வருடத்தில் என்ன விலைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்று மட்டும் எகிறியிருந்தால் அன்றைக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். விற்பனைத் தளங்களில் ஆசைக்குப் போட்டு வைத்திருக்கும் விலை கணக்கிலேயே வராது. விற்றால்தான் அது விலை.

இப்போது கணக்கு. உங்கள் கையிலிருந்து மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கூரியர், காப்பீடு சேர்த்து 250. மிச்சம் 9,750. கமிஷன் 15 சதவீதம், கமிஷனுக்கு மட்டும் 18 சதவீத வரி என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தால், ஏலத்தில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 117 ரூபாய் 70 காசு கொடுக்கிறீர்கள். 9,750-ஐ 1.177-ஆல் வகுத்தால் 8,283. அந்த நிலையில் ஏலம் 500, 500-ஆக ஏறுமானால் உங்களுடைய கடைசிக் கேள்வி 8,000. அவ்வளவுதான். பொருளின் மேலும் தனியாக வரி இருந்தால் இன்னும் குறையும். சதவீதங்கள் இடத்துக்கு இடம் மாறும், வகுக்கும் முறை மாறாது.

இதைத் தாளில் எழுதி, பக்கத்தில் வையுங்கள். ஏலம் ஓடும்போது மனக்கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் கமிஷனை மறந்தவர்கள்தான்.

இரண்டு லட்சத்தைத் தொடும் ஆசை உள்ளவர்களுக்கு: அந்தத் தொகையை ரொக்கமாக யாரும் வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். ‘கேஷாக் கொடுங்க, பில் வேண்டாம்’ என்பவரிடம் வாங்கிய பொருளை நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது, எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

ஏல நாள்

பெரும்பாலான தளங்களில் உச்ச விலையை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். நீங்கள் 8,000 போட்டிருந்து எதிரே 5,000-தான் வந்தது என்றால், அடுத்த படியோடு உங்களுக்கு முடியும். 8,000 முழுதும் போகாது. ஒரே தொகையை இரண்டு பேர் போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கு முன்னுரிமை தருவது வழக்கம். நம் கரைக்கு இந்த வசதி இன்னும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓங்கினால் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். கடைசி நிமிடத்தில் கேட்கலாம் என்று தீவில் உட்கார்ந்திருப்பவர் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நேரடியாகக் கேட்பதானால் போனில் முழு சார்ஜ், இன்னொரு கம்பெனி சிம் போட்ட இரண்டாவது போன், முன்கூட்டியே உள்ளே போய்ப் பார்த்த பக்கம், இவை போதும். மணிக்கு எத்தனை லாட் ஓடுகிறது என்று முதல் கால்மணி நேரத்தில் கவனித்தால் உங்கள் லாட் எப்போது வரும் என்று தெரிந்துவிடும். நேரம் முடியும்போது யாராவது கேட்டால் சில நிமிடம் நீளும் தளங்களும் உண்டு. அங்கே கடைசி நொடிச் சாமர்த்தியம் எடுபடாது. முதல் ஏலத்தில் ஒன்றும் கேட்காமல் வேடிக்கை மட்டும் பார்ப்பது நல்லது. எந்தப் பெயர் எதற்கெல்லாம் விடாமல் கேட்கிறது, எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதிலேயே பொழுது போகும்.

பார்சல் வந்த பிறகு

முகவரியில் பின்கோடையும் இரண்டு போன் நம்பரையும் சரியாகக் கொடுங்கள். உங்கள் கிராமத்துக்குக் கூரியர் வராது, டவுன் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றால், விலை கூடிய பொருளுக்கு ராமநாதபுரத்தில் நம்பிக்கையான உறவினர் கடை முகவரியையோ காப்பீடு செய்த ஸ்பீட் போஸ்ட்டையோ கேட்டுக்கொள்ளலாம். பார்சலைப் பிரிக்கும் முன் வீடியோவை ஓடவிட்டு, சீல், எடை, உள்ளே இருக்கும் பொருள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி எடுங்கள். நடுவில் நிறுத்திய வீடியோவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அன்றைக்கே எடை போடுங்கள். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு அதிக விலையில்லை; இல்லாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். தேய்ந்த ரூபாய் 11.66-க்குக் கொஞ்சம் கீழே நிற்பது இயல்பு. 10.5 காட்டினால் இயல்பில்லை. சந்தேகம் இருந்தால் திருப்பும் கெடுவுக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியது பேச்சோடு போய்விடும்.

கடைசியாக, உப்புக்காற்று. செம்புக் காசில் வெளிர் பச்சைப் பொடி தட்டினால் அது சும்மா களிம்பு இல்லை, காசையே தின்னும் அரிப்பு. ஈரமும் உப்பும் சேர்ந்த நம் காற்று அதற்குத் தீனி. அந்தக் காசை மற்றதிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துப் பச்சையாகப் படியும், அவை வேண்டாம். அமிலம் இல்லாத அட்டையிலோ மைலார் என்ற பாலியெஸ்டர் உறையிலோ போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி, கடல் பக்கச் சுவரில் இல்லாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் தொடங்கும்போது பொட்டலத்தை மாற்றுங்கள். பில், விற்பவரின் பதில்கள், ஏலப் பட்டியலின் அந்தப் பக்கம் மூன்றையும் லாட் எண் எழுதிய ஒரே உறையில் போட்டு, இன்னொரு அலமாரியில் வைத்துவிடுங்கள்.